டப்பாவுக்குள்ள பத்திரமா இருந்த காலர்

இன்னிக்கு காலையில எங்க மணியோட காதுல இருந்து ஒன்பது உண்ணி எடுத்தேன். போன வருஷம் உண்ணிக் காய்ச்சல்ல சாகக் கெடந்து பொழைச்ச நாய் அது.

வந்த கோவத்துல, நெம்மேலியில இருந்து நேரா நாவலூர் பெட் ஷாப்புக்கு வண்டிய விட்டேன்.

"பாய், போன மாசம் உண்ணிக்குன்னு நீங்க குடுத்த மருந்து காலர் சுத்த வேஸ்ட். மாத்திக் குடுங்க."

அவர் அசரவே இல்ல. "இப்ப நாய் கழுத்துல கீதா?"

"இல்ல. வெளிய கூட்டினு போறப்போ மட்டும் மாட்டுவோம். வந்ததும் எங்க வூட்டுக்காரரு கழட்டி, தொடச்சி, டப்பாவுல வச்சிடுவாரு."

பாய் தலையில கைய வச்சிக்கினாரு.

"இன்னாக்கா நீங்க! அந்த மருந்து கொஞ்சம் கொஞ்சமா தோல்ல பரவணும். ராப்பகலா கழுத்துலயே கெடக்கணும். ரெண்டு விரல் நுழையற அளவுக்கு இடம் விட்டு மாட்டுங்க. டப்பாவுக்குள்ளயா உண்ணி கீது?"

சண்டைக்குப் போனவ அசடு வழிஞ்சிக்கினு திரும்பிட்டேன்.

வந்த உடனே மாட்டியாச்சு. "எந்நேரமும் கெடந்தா பழசாயிடுமே"ன்னு இவரு இழுத்தாரு.

"ஆவட்டும். மணி கழுத்துல இருந்து இனிமே அது எறங்காது. கழட்டினீங்க, அப்புறம் இருக்கு சேதி."

மனுஷன் டிவி ரிமோட்ட எடுத்தாரு. வாங்கின அன்னிக்கு சுத்தின பிளாஸ்டிக் கவர் இன்னும் அது மேலயே கீது. நாளைக்கு அதையும் பிரிக்கப் போறேன்.

உங்க வூட்ல இன்னும் கவர் பிரிக்காதது இன்னா இன்னா கீது? மறைக்காம சொல்லுங்க.