நாலு ஸ்பீக்கரும் நடுத்தெருவும்

மைக் செட்காரரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

தாராவியில் கோயில் கொடை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் மைக் செட் கட்டும் சேவியர் அண்ணாச்சிதான் என் பழைய காருக்கும் ஆம்ப்ளிஃபயர் வைத்து, நாலு ஸ்பீக்கருக்கும் வயர் இழுத்துக் கொடுத்தார்.

இன்று காலை ஓட்டிக்கொண்டே பாட்டுப் போட்டேன். உள்ளே வெறும் முணுமுணுப்பு. சத்தத்தைக் கூட்டினேன். சயான் சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர், "கிஸ்கா ஷாதி ஹை, பாய்?" என்றார்.

யாருக்கும் கல்யாணமில்லை. இறங்கிப் பார்த்தால், பானெட்டுக்குள் இரண்டு, டிக்கியில் இரண்டு. நாலும் ரோட்டைப் பார்த்து இருந்தன.

அண்ணாச்சிக்கு போன் போட்டுக் கத்தினேன்.

"நீ ஒருத்தன் கேக்கதுக்கா நாலு ஸ்பீக்கரு? தெருவுக்குக் கேக்க வேண்டாமாடே?"

யாராவது வந்து இந்தக் காரை ஓட்டுங்களேன். நான் பின்னாலேயே நடந்து வந்து பாட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.