துண்டு கட்டாத முகம்

எனக்கு மூஞ்சியப் பார்த்து மனசைப் படிக்கத் தெரியாது. கண்ணுல ஒரு கோளாறும் இல்ல; எதிர்ச் சுவத்துல எறும்பு ஊர்றதுகூடத் தெரியும். ஆனா ஒருத்தர் முகம் எனக்கு மொத்தமா வராது. புருவம் தனியா, பல்லு தனியா, கன்னத்துச் சதை தனியா வரும். எல்லாத்தையும் கூட்டிப் பார்த்து, 'சரி, கோவமா இருக்காக'ன்னு நான் முடிவு பண்றதுக்குள்ள அவிய தெருமுனையத் தாண்டியிருப்பாக. ஆட்டிசம் உள்ளவங்கள்ல சிலருக்கு மூளை முகத்தை அப்படித்தான் வாங்குமாம். எனக்கு வயசான காலத்துல ஒரு டாக்டரம்மா சொன்னாக. எம்பதுகள்ல இதை யாரு சொன்னா? கல்லுளிமங்கன்னு ஒரே சொல்லுல முடிச்சிட்டாக.

அப்ப ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல வேலை. உள்ள மிஷின் இரைச்சல்ல காதுகிட்ட கத்துனாலும் கேக்காது. பஞ்சுத் தூசிக்கு மூக்கையும் வாயையும் சேத்துத் துண்டு கட்டியிருப்போம். பேச்செல்லாம் கையிலதான். துண்டுக்கு மேலயே மீசையத் தடவுனா மேஸ்திரி வாரார். ரெண்டு ஆள்காட்டி விரலையும் சேத்துக் காட்டுனா, 'நூல் ரொம்ப அறுதா? ஒட்டித் தர வரட்டா?' அம்புட்டுத்தான். எட்டு மணி நேரம் நானும் மனுசனா இருந்தேன்.

எதிர் மிஷின்ல நின்னவன் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரன். எனக்கு இருந்த ஒரே சேக்காளி. ஒரு வாரம் அவன் வேலைக்கு வரல. திரும்பி வந்த அன்னைக்கு மில் வாசல்ல பார்த்ததும் எனக்குச் சந்தோசம் தாங்கல. புது மிஷின் வந்துருக்கு, என்னா வேகம்ங்கிறன்னு சிரிச்சுக்கிட்டே அளந்தேன்.

"ஏலே, எம் மூஞ்சியப் பார்த்தா தெரியலையா ஒனக்கு?"ன்னான்.

சத்தியமா உத்துப் பார்த்தேன். புருவம், மூக்கு, காஞ்ச உதடு. "ஒறக்கம் இல்லையோ?"ன்னேன்.

"புள்ளையப் பொதைச்சிட்டு வந்துருக்கேம்லே."

அவனுக்கு ஒரே பொம்பளப் புள்ள, ரெண்டு வயசு. மில்லுல அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட எவன் சொல்றான்? எனக்கு நெஞ்சு வெடிச்சிருச்சு. ஆனா சிரிச்ச வாய் சிரிச்சபடியே நின்னுச்சு, பாழாப்போன வாய், அதை எறக்கத் தெரியல. அவன் அதைப் பார்த்துட்டு விறுவிறுன்னு உள்ள போயிட்டான்.

துண்டைக் கட்டிக்கிட்டு நின்னோம். அவன் மிஷின்ல நூல் வரிசையா அறுந்துக்கிட்டே இருந்துச்சு. அவன் அதைத் திரும்பிக்கூடப் பாக்கல. துக்கத்துக்கு மில்லுல சைகை கிடையாது. எனக்குத் தெரிஞ்சது அந்த ஒண்ணுதான். ரெண்டு விரலையும் சேத்து ஒசத்திக் காட்டுனேன். வரட்டா?

அவன் பார்த்தான். பொறவு பேசுற கை ரெண்டையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டான். அது எனக்கு உடனே வெளங்கிருச்சு.