குடகிலிருந்து வந்த வேன்

செவ்வந்தி ஜீப்பில் ஏறி மைக்கைப் பிடித்தாலே காசிநாதனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். கரியாலூரைத் தாண்டிய அந்தச் சின்ன மலையூரில் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய முதல் பெண் அவன் தங்கை. அவள் படிப்பதற்காக அவன் ஐந்தாம் வகுப்போடு நின்று, மற்றவர்களைப் போல வருஷா வருஷம் குடகுக்கு மிளகு பறிக்கப் போனான். படித்தவள் சுகாதாரத் துறையில் தற்காலிக வேலை பார்த்தாள். வீடு வீடாக ஏறி இறங்கி பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, "நம்ம செவ்வந்தி" என்று மலை முழுக்கப் பேர் வாங்கினாள். இப்போது ஒரு கட்சி கொடுத்த சீட்டில் ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறாள்.

குடகில் பறிப்பு மும்முரமாக இருந்த நேரம். ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஓட்டுப் போட எல்லாரையும் வரவழைக்கும் வேலையை, முன்னதாகவே ஊர் திரும்பியிருந்த காசிநாதன் தானாகவே எடுத்துக்கொண்டான். யார் எந்த எஸ்டேட், யாருக்கு மலைப்பாதையில் வாந்தி வரும் என்பதுவரை அவனுக்கு அத்துப்படி. ஒருவர் விடாமல் போனில் பேசி, அவர்களையே பணம் போட்டு ஒரு வேன் பிடிக்கவைத்தான். அவளுடைய பிரசாரக் கூட்டம் நடக்கும்போதே வேன் வந்து நிற்கவேண்டும், தங்கை அசந்துபோகவேண்டும். அதுதான் அவன் ஆசை.

கூட்டத்தன்று வேன் வளைவில் தெரிந்ததும் சிரித்தபடி கையை ஆட்டினான். அப்போதுதான் ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது.

"கீழ ஜவ்வரிசி மில்லு வேலைக்கு வடக்கேருந்து வந்தவங்க நம்ம ஆஸ்பத்திரி வரிசைய அடைச்சிக்கினு நிக்கறாங்க. ஊர்லயே தொடர்ந்து இருக்கறவங்களுக்குத்தான் காப்பீட்டு அட்டை. பொழப்புக்கு ஊர் விட்டு ஊர் போறவங்களுக்குக் கெடையாதுன்னு தீர்மானம் கொண்டுவருவேன்!"

பேச்சை எழுதிக் கொடுத்த கள்ளக்குறிச்சி கட்சிக்காரர் தங்கதுரை படபடவென்று கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. காசிநாதன் ஆட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. தன் காதில் விழுந்தது தங்கையின் குரல்தானா என்று ஜீப்பை ஒருமுறை பார்த்தான். அவள்தான்.

வேனிலிருந்து முதலில் பூமாலை இறங்கினாள், இடுப்பில் குழந்தையோடு. பின்னாலேயே அவள் புருஷன் கந்தசாமி. மிளகு ஏணியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு.

"இன்னா செவ்வந்தி, இறங்கறதுக்குள்ள எங்கள வெளிய தள்ற?" என்றாள் பூமாலை.

"ஐயோ, உங்கள இல்லக்கா. வடநாட்டு ஆளுங்கள."

"அவங்க மில்லுக்கு வந்தாங்க, நாங்க எஸ்டேட்டுக்குப் போனோம். இன்னா வித்தியாசம்? இந்தாளு விழுந்தப்ப அங்க மொதல்ல கட்டு போட்டாங்க, அப்பறந்தான் ஊரக் கேட்டாங்க. நீ ஊரக் கேட்டுட்டுத்தான் காலப் பாப்ப போலருக்கு."

"வுடு புள்ள," என்றான் கந்தசாமி. "எவனோ எழுதிக் குடுத்தத பாவம் படிச்சுது."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. செவ்வந்தி காசிநாதன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீயாவது சொல்லேன்."

காசிநாதன் ஜீப்பருகே போனான். "நான் இன்னாத்த சொல்றது? வருஷத்துல பாதி நானும் அங்கதான கெடக்கறேன். எனக்கும் கெடையாதாம்மா?"

அவள் மைக்கைத் தாழ்த்தினாள். அண்ணன் பறித்த மிளகில் படித்தவள். அந்த வரியை மனப்பாடம் செய்தபோது அவன் நினைவு ஒரு தடவைகூட வரவில்லை.

தங்கதுரை குனிந்து கிசுகிசுத்தார். "மலை ஆளுங்களுக்கு மட்டும் விலக்குன்னு சொல்லிட்டு வாம்மா. மலைக்குக் கீழ இருக்கற ஊருங்கள்ல இந்தப் பேச்சுக்குத்தான் ஓட்டு ஜாஸ்தி."

செவ்வந்தி மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"நான் தப்பா பேசிட்டேன். வேல செய்யற எடத்துலயே எல்லாருக்கும் வைத்தியம் கெடைக்கணும். குடகுல உங்களுக்கும், இங்க மில்லுல அவங்களுக்கும்."

"எங்க ஜீப்புல நின்னு இத பேசாத," என்றார் தங்கதுரை.

அவள் இறங்கினாள். ஸ்பீக்கரோடு ஜீப் மலையிறங்கிப் போயிற்று. கட்சி சீட்டும் அதோடு போனது போலத்தான். ஆனாலும் காசிநாதன் வேன் படிக்கட்டைத் துண்டால் துடைத்து, "ஏறி நில்லும்மா" என்றான்.

ஏறி நின்றாள். மைக் இல்லாமலே மறுபடி பேச ஆரம்பித்தாள்.

"சத்தமா பேசு செவ்வந்தி," என்றாள் பூமாலை. "பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."