அடிவளையத்தில் நான்கு தடங்கள்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படித்துக்கொள்ளலாம். எனக்கு அந்த வசதி இல்லை. நடந்த அறையிலேயே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அக்காவின் நாற்காலி எதிரே இருக்கிறது.

அக்காவுக்குப் பல் செட் செய்யும் வேலை. நாள் முழுக்கச் சாந்தோடும் மெழுகோடும் மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், ஜப்பான் மண்கிண்ணங்களைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஆலையில் அச்சில் வார்த்தவை அல்ல. யாரோ ஒரு குயவர் தன் பட்டறையில் கையால் வனைந்து, தன் சூளையில் சுட்டவை. மொத்தம் முப்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி மரப்பெட்டி, மூடியில் செய்தவரின் கையெழுத்து. நான் அச்சகத்தில் பிழை திருத்துபவள். எங்கள் இருவருக்கும் கல்யாணப் பேச்சு ஓய்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவளுக்கு நான், எனக்கு அவள்.

"சட்டிக்கெல்லாம் ஆளுக்கொரு பெட்டி. எனக்கு ஒரு அலமாரி கிடையாது" என்பேன்.

"நீயும் உடையற பொருளா இருந்தா உனக்கும் ஒண்ணு வாங்கியிருப்பேன்டி."

முப்பத்திரண்டாவது கிண்ணம் ஒரு வியாழக்கிழமை தபாலில் வந்தது. காலை 11.10. அன்று முதல் அக்காவுக்கு இரண்டு வார லீவு, எனக்கு ஒரு வாரம். கறுப்பு மண், மேலே பால்வெள்ளைக் கண்ணாடிப் பூச்சு. அக்கா வழக்கம்போல் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். குயவர்கள் கிண்ணத்தை, அது தரையில் நிற்கும் அடிவளையத்தில் பிடித்துக்கொண்டு பூச்சுக் குழம்பில் முக்கி எடுப்பார்கள். விரல் பிடித்த இடத்தில் பூச்சு ஏறாது. சுட்ட பிறகும் அங்கே வெறும் மண் தெரியும். சேகரிப்பவர்களுக்கு அந்தத் தடம்தான் பொக்கிஷம்.

இதில் நான்கு தடங்கள். ஒரு பக்கம் கட்டைவிரல். எதிர்ப்பக்கம் மூன்று விரல்கள்.

அக்கா தன் வலக்கை விரல்களை வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தின. மோதிர விரல்கூட. அந்த விரலின் நுனியை எப்போதோ அவள் வேலை செய்யும் பல் பட்டறையின் இயந்திரம் தின்றுவிட்டிருந்தது. தடமும் அதே இடத்தில் குட்டையாக இருந்தது.

"பாருடி... எனக்கே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி!"

நானும் வைத்துப் பார்த்தேன். என் கட்டைவிரல் அகலம், தட்டை. பொருந்தவில்லை.

"உன் தவளை விரலுக்கெல்லாம் இங்க இடமில்ல" என்று சிரித்தாள். சின்ன வயதிலிருந்து அதே கேலி.

சனிக்கிழமை. மதியம் 3.40. மூடிய பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

டிங்.

"சூளையிலேர்ந்து எடுத்து ஆறும்போது பூச்சுல விரிசல் விடும். அந்தச் சத்தம்தான்" என்றாள் அக்கா.

"இது சூளையை விட்டு வந்து எத்தன நாளாச்சு?"

"எட்டு மாசம்."



ஞாயிற்றுக்கிழமை அதே 3.40. இரண்டு முறை. திங்கட்கிழமை மூன்று முறை. பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். கிண்ணம் சுட்டது.

புதன்கிழமை அக்காவின் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. சாந்து ஒட்டியிருக்கும் என்று தேய்த்துக் கழுவினாள். போகவில்லை. நான்கு விரல்கள் மட்டும். சுண்டுவிரல் நன்றாக இருந்தது. ஊசியால் குத்தினேன். உணர்ச்சி இல்லை. டாக்டர், ரத்த ஓட்டம் கம்மி, கையுறை போடுங்கள் என்றார்.

"அக்கா, அத இனிமே தொடாத. திருப்பி அனுப்பிடலாம்."

"நான் எங்கடி தொடறேன்? பெட்டியில வச்சுக் கட்டிட்டுத்தான் உக்காருறேன். அப்புறம் பாத்தா... கையில இருக்கு."

அவள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்குத் தெரியாமல், கிண்ணம் உள்ளே இருப்பதைப் பார்த்துக் கயிற்றில் முடிச்சுப் போட்டு, பெட்டியை அச்சகத்துக்கு எடுத்துப்போனேன். என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சாவி என் கைப்பையில். மதியம் 3.30க்கு மனசு கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்தேன்.

நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. பெட்டியைத் தூக்கினேன்.

கனமே இல்லை.

ஓடினேன். வீட்டுக்குப் பத்து நிமிட தூரம். கதவைத் திறக்கும்போது 3.41.

டிங். டிங். டிங்...

அக்கா நாற்காலியில் இருந்தாள். கையில் கிண்ணம். அதைக் கவிழ்த்து, அடிவளையத்தில் பிடித்திருந்தாள். பூச்சில் முக்குபவர்கள் பிடிப்பதுபோல.

"எடுத்து விடுடி..."

கட்டைவிரலைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அது விரல் மாதிரியே இல்லை... கெட்டியாக, சொரசொரப்பாக இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன்.

"அக்கா... விடுக்கா."

"நான் பிடிக்கலடி..."

டிங்.

விரல்கள் தானாக விட்டன.

3.52.

மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தக் குயவருக்குக் கடிதம் எழுதினேன். தடங்களைப் பற்றி மட்டும் கேட்டிருந்தேன். ஆறு வாரம் கழித்து அவருடைய மகள் பதில் போட்டிருந்தாள். அப்பாவுக்குப் பத்து வருடமாகக் கை நடுக்கம். எதையும் பிடித்து முக்குவதில்லை. கிண்ணத்தைத் தாங்கியில் வைத்துக் கரண்டியால் பூச்சு ஊற்றுவார். நாங்கள் அனுப்பியதில் விரல் தடமே கிடையாது, நீங்கள் வேறு கிண்ணத்தைச் சொல்கிறீர்கள். பெட்டியில் வைக்கும் முன் எடுத்த படமும் உடன் இருந்தது. அதே கிண்ணம். அடிவளையத்தைச் சுற்றிலும் வெள்ளை. ஒரு கீறல்கூட இல்லை.

உடைத்துப் போட வேண்டியதுதானே என்பீர்கள். சுத்தியலை எடுத்துக்கொண்டு இரண்டு முறை உட்கார்ந்தேன். அக்காவின் விரல்கள் அளவு மாறாமல் இருப்பது உலகத்தில் அந்த ஓர் இடத்தில்தான். என்னால் முடியவில்லை.

நேற்று மதியம், இத்தனை மாதத்துக்குப் பிறகு, பெட்டிக்குள் ஒரு சத்தம் கேட்டது. ஒரே ஒரு முறை. மணி பார்த்தேன். 3.40.

திறந்து கவிழ்த்துப் பார்த்தேன். அக்காவின் நான்கு தடங்களும் அப்படியே இருந்தன. பக்கத்தில் புதிதாக ஒன்று.

அகலமாக... தட்டையாக.

கட்டைவிரல்.

மற்ற மூன்றும் இன்னும் வரவில்லை.