ஜெலஸுக்கும் என்விக்கும் வித்தியாசம்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் காலைப் பேருந்தில் எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைப்பவள் என் தோழி. அவள் கணக்கு டீச்சர், நான் அறிவியல். மலைமேல் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை. மதியம் அவள் டப்பாவிலிருந்து நானும் என் டப்பாவிலிருந்து அவளும் சாப்பிடுவோம்.

இந்த ஜூனில் புதிதாக ஓர் ஆங்கில டீச்சர் வெளியூரிலிருந்து வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே என் இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் தோழி.

"பின்னாடி காலியா கீது, உக்காருடி" என்றாள்.

புது டீச்சர் மலை ஏறி முடியும்வரை ஓயாமல் பேசுவார். எல்லாம் ஆங்கில வார்த்தைகள் பிறந்த கதை. நம் சுருட்டுதான் செரூட் ஆனது, கட்டுமரம்தான் கேட்டமரான் ஆனது என்பார். என் தோழி குலுங்கிச் சிரிப்பாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

அவரை ஒருநாளாவது திணறவைக்க வேண்டும் என்று பின்சீட்டிலிருந்து எட்டிக் கேட்டேன்: "ஜெலஸ், என்வி, ரெண்டுக்கும் நாம பொறாமைன்னுதான் சொல்றோம். இன்னா வித்தியாசம்ங்க?"

அவர் திணறவில்லை. "அடுத்தவங்ககிட்ட இருக்கறது நமக்கு இல்லையேன்னு வந்தா என்வி. நம்மகிட்ட இருக்கறத யாராவது கொண்டுபோயிடுவாங்களோன்னு வந்தா ஜெலஸ். கிரேக்கத்துல ஜீலோஸ்னு ஒரு சொல், தீவிரமான ஆர்வம்னு அர்த்தம். ஜெலஸ் அதுலேர்ந்து வந்தது. உற்சாகத்துக்கு ஜீல்னு சொல்றோமே, அதுவும் அங்கேர்ந்து வந்ததுதான். ஜெலஸும் ஜீலும் ஒரு வயித்துப் பிள்ளைங்க."

சொல்லி முடித்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோழி மடியில் தயாராக வைத்திருந்த பாலிதீன் பையைப் பிரித்து நீட்டினாள், முதுகைத் தடவினாள், எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தாள்.

பேருந்திலிருந்து இறங்கியதும் அவளைத் தனியே இழுத்துக் கேட்டேன்.

"மல ஏறுனாலே அவங்களுக்கு வாந்தி. பேசிக்கினே இருந்தா கொஞ்சம் கம்மியாவுதாம். அதான் ஜன்னலாண்ட உக்கார வெச்சேன். அதுக்கா நீ மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீற?"

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னாங்க."

இடம் போனதைவிட அந்தப் பதில்தான் எனக்கு அதிகம் சுட்டது. எனக்குத் தெரியாத ஒன்றை அவர்கள் இருவரும் இத்தனை நாள் பொத்தி வைத்திருந்தார்கள்.

மறுநாள் மூன்று பேர் சீட்டில் என்னையும் உட்காரவைத்தாள். பையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நல்ல மனுஷிதான். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அவர் ஏதோ ஒரு வார்த்தையை ஆரம்பித்தார். தோழி அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

அவள் முழங்கையைப் பிடித்து இழுத்து, "நான் ஒண்ணு சொல்லட்டா" என்றேன். சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை.