உப்புக் கரித்த முதுகு

பேயே வந்து முதுகைக் காட்டினாலும் எண்ணெய் தேய்த்து அனுப்புகிற ஆள் நான். குற்றாலத்தில் அதுதான் என் பிழைப்பு. படிப்பு கிடையாது, புத்தி கம்மி, வாய் மட்டும் நாலு பேருக்கு உள்ளது. ஆனாலும் இந்த மாதிரி விஷயங்களை நான் நம்பியதில்லை. நீங்களும் நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை, கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டோ ஒன்பதோ, சாரல் நேரம். காலேஜில் சரித்திரம் நடத்துகிற வாத்தியார் ஒருவர் வருஷா வருஷம் என்னிடம்தான் தேய்த்துக்கொள்வார். நெஞ்சுவலிக்காரர். நான் உடம்பைத் தொட்டுப் பார்த்து இறங்கலாம் என்று சொன்னால்தான் அருவிக்குப் போவார். எண்ணெய்க்காரன் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

அன்று காலை பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டு கிரேக்க நாட்டுக் கதை சொன்னார். ஹெலிகே என்று ஒரு ஊராம். ஒரே ராத்திரியில் பூமி ஆடி, கடல் வந்து ஊரையே மூடிவிட்டதாம். அஞ்சு நாள் முன்னாலேயே எலி, பாம்பு, பூரான் எல்லாம் சாரை சாரையாக ஊரைவிட்டுப் போய்விட்டதாம்.

"ஊரு இப்ப எங்கன கெடக்கு சார்வாள்?"

"தேடுதாங்க வே. இன்னும் அகப்படல."

"பூரானுக்குத் தெரிஞ்சது மனுசனுக்குத் தெரியலியே! நானா இருந்தா அது வாலைப் பிடிச்சுக்கிட்டே போயிருப்பேன்."

சொல்லும்போதே என் விரல் எரிந்தது. விரலிடுக்கில் எனக்கு வெடிப்பு உண்டு, உப்புப் பட்டால் உயிர் போகும். நக்கிப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், நல்லெண்ணெய் கடல் தண்ணீராகக் கரித்தது. அவர் முதுகு சில்லிட்டுக் கிடந்தது, உள்ளங்கையில் மணல் நெருநெருத்தது.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "இறங்கலாமா வே?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய வாய் என்ன சொன்னது தெரியுமா?

"உப்புக்கண்டம் போட்ட உடம்பு சார்வாள், கெட்டே போகாது. தாராளமாப் போங்க."

கணுக்கால் அளவுத் தண்ணீரில், பத்துப் பேர் நடுவில் நின்றவர் அப்படியே சாய்ந்தார். ஜட்கா வண்டியில் போட்டுத் தென்காசிக்கு ஓடினோம். டாக்டர் நெஞ்சை அமுக்க அமுக்க வாயிலிருந்து தண்ணீர் வந்தது. கூடவே மணல், பொடிச் சிப்பி.

"எந்தக் கடல்ல விழுந்தாரு?" என்றார் டாக்டர்.

கொஞ்ச நேரத்தில் உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கையை எடுத்தார். அதற்கப்புறம்தான் வாத்தியார் சம்சாரம் ஓடி வந்தார்.

"இறங்கலாமான்னு அவுக ஒன்கிட்ட கேட்டாவளா?"

"கேக்கலம்மா" என்றேன்.

செத்து அரைமணி ஆனவர் வாயிலிருந்து இன்னொரு மடக்குத் தண்ணீர் வந்தது. அந்தம்மா அதைத் துடைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.