சாப்பாட்டு மேஜையில் ஒரு கப்பல்

"ரெண்டு கத்தி, மூணு முள்கரண்டி, நாலு கிளாஸ். இதுக்கு நடுவுல என் தட்டை எங்கே வைக்கறது?"

கணவர் இப்படிக் கத்தியபோது, உல்லாசக் கப்பல்களுக்குப் பரிசாரகர்களைத் தயார்செய்யும் தொழிலை நான் ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து, எங்கள் தோட்டத்து இலையை வாங்க ஆளில்லை. கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் பிரம்போடு புகட்டிய மேஜை நாகரிகம் அப்போதுதான் சோறு போட்டது. அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை வறண்ட எல்லோருக்கும் என் கஷ்டம் புரியும்.

முதல் மாணவர்

ராஜேந்திரனுக்கு நாற்பது வயது. குன்னூர்ப் பக்கம் மூடிப்போன ஒரு தேயிலை ஃபாக்டரியில் டீ மேக்கராக, தூளை ருசி பார்த்து வெளியே அனுப்புகிறவராக இருந்தவர். குவார்ட்டர்ஸைக் காலிசெய்யச் சொல்லியிருந்தார்கள். பள்ளியில் இரண்டு பெண்கள். கப்பல் வேலை கிடைக்காவிட்டால் அவர்கள் படிப்பு அதோடு சரி.

நான் பயணியாக உட்கார்ந்துகொண்டு டீ கேட்டேன். கொண்டுவந்தவர், என் கோப்பையிலிருந்தே ஒரு கரண்டி எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, என் ஜெரேனியம் தொட்டியில் துப்பிவிட்டு, கோப்பையை மரியாதையாக என் முன்னால் வைத்தார். கப்பலில் இப்படிச் செய்தால் கடலில் தள்ளிவிடுவார்கள் என்றேன். அவர் அசையவில்லை.

"ருசி பார்க்காம வெளிய அனுப்புனா, அது என் டீ இல்லீங்க மேடம்."

இன்டர்வியூ

சென்னையில் நடந்ததைக் கப்பல் கம்பெனி ஏஜென்ட் ஃபோனில் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. மூன்று அதிகாரிகளுக்கு டீ ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஆள் கூஜாவின் மூடியைத் திறந்து மோந்துபார்த்து, இது ரொம்ப நேரம் ஊறிக் கசந்துவிட்டது, இதை ஊற்றமாட்டேன், ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்று நான் கற்றுக்கொடுத்த இங்கிலீஷிலேயே சொல்லியிருக்கிறார். புதிதாகப் போட்டு வந்த டீயைக் குடித்த பெரிய அதிகாரி, ஆர்டரில் கையெழுத்துப் போட்டபடி சொன்னாராம்:

"இத்தனை வருஷமா வேற எதையோ டீன்னு நம்பிக் குடிச்சிருக்கோம்."

துறைமுகங்கள்

குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு ராஜேந்திரன் குடும்பம் கேத்தியில் குடிபோன வீட்டில் ஃபோன் இல்லை. ஞாயிறுதோறும் அவர் மனைவி சரோஜா என் வீட்டில் காத்திருப்பாள். ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ் என்று கப்பல் நிற்கும் இடத்திலிருந்தெல்லாம் அழைப்பு வரும். சிப்பந்திகளுக்குக் கரையில் இரண்டு மணி நேரம்தான். அதில் பாதி ஃபோன் பூத் வாசலில் வரிசையில் போகும். பூகோளத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய நான் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் ரிசீவரைப் பிடுங்கி, ஊர் எப்படி என்று கேட்டேன்.

"பூத் வரைக்கும் பார்த்தேனுங்க. நல்ல ஊருதான்."

லீவு

ஒன்பது மாதம் கழித்துக் கணவனும் மனைவியும் நன்றி சொல்ல வந்தார்கள். பெரியவள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள். அவரைப் பார்த்து இன்னும் பதினோரு பேர் என் வகுப்பில் சேர்ந்திருந்தார்கள். நன்றி சொல்லவேண்டியவள் நான்தான் என்றேன். அவர் சிரித்தார். பயணி திட்டினாலும் தட்டு உடைந்தாலும் பல் தெரியவேண்டும் என்று கண்ணாடி முன் நிறுத்தி நான் பழக்கிய அதே சிரிப்பு. சரோஜா சிரிக்கவில்லை.

"ஊட்டுலயும் இப்படியேதானுங்க மேடம். சோறு குழைஞ்சாலும் சிரிக்கறாரு, புள்ளைங்க சண்டை போட்டாலும் சிரிக்கறாரு. பழையபடி ஒருக்கா என்னைத் திட்டச் சொல்லுங்க."

அவர் வீட்டு அடுப்பும் என் வீட்டு அடுப்பும் அந்தச் சிரிப்பில்தான் எரிந்துகொண்டிருந்தன என்பதால், நான் டீ ஊற்ற எழுந்தேன்; அவர் சிரித்தபடியே கோப்பையை நீட்டினார்.